தொகுப்பில் இல்லாத கவிதை

ஹாம்பர்க் நகரில் நாம் இல்லாத நேரத்தில் பார்சல் வந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பத்தொன்பது வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. திருச்சியில் எங்கள் பாலக்கரையில் யாருக்கு என்ன வந்தது என்று தெருவே பிரித்துப் பார்த்துவிடும். இங்கே மூன்று நாள் தொடாமல் வைத்திருந்து ஒப்படைப்பார்கள். போன மாதம் எதிர்வீட்டு ஹெர் பிரான்ட் ஒரு கனத்த உறையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். எதுவும் கேட்காத மனிதர், அன்றைக்குக் கனம் தாளாமல் உள்ளே என்ன என்று கேட்டார். "கெடிஷ்டெ" என்றேன். கவிதைகள். என் உச்சரிப்பில் அது "கெவிஷ்டெ" என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. உடற்பயிற்சிக்குத் தூக்கும் எடைகள். "நல்லது, இந்த வயதில் அவசியம்" என்று பாராட்டிவிட்டுப் போனார். திருத்த எனக்குத் தோன்றவில்லை.

உறைக்குள் என் கவிதைகளின் மெய்ப்புப் பிரதி இருந்தது. பழைய நான்கு நூல்களிலிருந்து தேர்ந்தெடுத்தவையும் புதியவையும். தேர்வைப் பதிப்பாளர் வரதராஜனிடமே விட்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் வீட்டு முன்னறையையே அலுவலகமாக்கி, பிடிவாதமாகக் கவிதை நூல் மட்டும் போடுகிறவர். அவர் எதை எடுத்திருப்பார் என்று தெரிந்தும், நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்ததும் பிரதியை மூடி வைத்துவிட்டேன். அக்காவைப் பற்றிய கவிதை.

அக்கா ஜமீலாவின் கணவர் வளைகுடாவில் இருந்தார். நான் கல்லூரியில் படித்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போன் அடித்தது. அக்கா எடுத்தாள். அவர் போனிலேயே தலாக் சொல்லிவிட்டார். வீட்டில் அதை மறைத்தோம். "மச்சான் அடுத்த வருஷம் வர்றாரு" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு, கையை மூடாமல் இருந்தேன். ஒரு சிற்றிதழில் கவிதை வந்தது. பெயர் போடவில்லை. ஆனால் பச்சை ஜன்னல் இருந்தது, கூடத்துப் போன் இருந்தது, அதன் முன்னால் உட்கார்ந்து அழும் பெண் இருந்தாள். யாரோ அதை ஜெராக்ஸ் எடுத்துத் தெருவில் கொடுத்தார்கள். அந்தக் கவிதைதான் என்னைக் கவிஞராக்கியது. அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. நான் கல்யாணமாகி ஜெர்மனிக்குப் புறப்பட்ட அன்றும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

வரதராஜனைக் கூப்பிட்டேன். "அது இல்லாம தொகுப்பா? படிக்கறவா முதல்ல தேடறதே அதைத்தானே" என்றார். அக்காவிடம் கேட்க வேண்டும் என்றேன். "ஞாயித்துக்கிழமை விழா. வியாழக்கிழமை பத்து மணி வரைக்கும் அந்தப் பக்கம் வர்ற ஃபாரத்தை மட்டும் அச்சுக்கு விடாம நிறுத்தி வைக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாதுங்க."

புதன்கிழமை திருச்சியில் இறங்கினேன். சென்ட்ரல் பஸ் நிலையத்துக்கு எதிரே லாட்ஜில் அறை. பிறந்த ஊரில் லாட்ஜில் தங்கியவர்களுக்குத் தெரியும், அந்தக் கட்டிலில் தூக்கம் வராது. மறுநாள் விடிந்ததும் காந்தி மார்க்கெட் போனேன். அக்கா அங்கே வாழையிலைக் கடை வைத்திருக்கிறாள். தலையில் முக்காடு, கையில் கத்தி, சுற்றிலும் கட்டுக்கட்டாக இலை. என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. காம்பு நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கத்துல ஸ்கூல்ல என் புக்கு வெளியீடு. அந்தக் கவிதையும் அதுல இருக்கு. உன்னைக் கேக்காம..."

"முதல் தடவை கேட்டியா?"

நான் நின்றேன். ஒரு ஆள் வந்து இரண்டு கட்டு வாங்கிப் போனார். மணி எட்டே முக்கால்.

"அது முழுசும் எனக்கு மனப்பாடம்" என்றாள். "தெருவுக்குத் தெரிஞ்சது பெருசில்ல புள்ள. என்னிக்கா இருந்தாலும் தெரியும். ஆனா நான் அழுதேன்னு எழுதுன பாரு. நான் எங்கடி அழுதேன்? போனை வச்சுட்டுப் போயி உலை வச்சேன். எட்டு பேரு சாப்பிட்டீங்க. அழுதவ நீ."

கத்தியைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷமா பாக்குறவங்க எல்லாம் என்னைப் பாத்து உச்சுக் கொட்டுறாங்க. என்னை மறுபடி பொண்ணு பாக்க வந்தவங்ககூட, பாவம் அழுதுட்டே இருக்குமாமேன்னாங்க. நான் இங்க கடை போட்டு நிக்கிறேன். அவங்க கண்ணுக்கு இன்னும் போனுக்கு முன்னாடி உக்காந்திருக்கேன்."

எனக்கு நினைவு வந்தது. சோற்றின் ஆவி, அவள் முகம், தட்டைத் தள்ளிவிட்டுத் தேம்பிய நான். என் அழுகையைத்தான் அவள் முகத்தில் ஒட்டியிருந்தேன். "அந்த வரியை மாத்தி எழுதிடறேன்க்கா" என்றேன்.

"மறுபடியும் எழுதுவியா? எடுத்துடு."

அங்கிருந்தே வரதராஜனுக்குப் பேசினேன். கோபத்தில் அவர் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "உங்க பேரே அந்தக் கவிதைலதான் இருக்கு மெஹர்." தெரியும் என்றேன். எடுத்துவிடுங்கள் என்றேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா வேறொருவருக்கு இலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் விழா. ஐம்பது பேர் இருக்கலாம். நடுவில் அக்கா வந்தாள். உட்காரவில்லை. வாசல் மேசையில் இருந்த பிரதியை எடுத்து, பொருளடக்கத்தில் விரலை வைத்து வரிவரியாகக் கீழே இறங்கினாள். மேடையிலிருந்து அந்த விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிக்குப் போனதும் புத்தகத்தை மூடினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

ஒரு பேராசிரியர் எழுந்தார். "உங்க முக்கியமான கவிதை இதுல இல்லையேங்க? பயமா? யாராவது எடுக்கச் சொன்னாங்களா?"

வரதராஜன் தலையைக் குனிந்துகொண்டார். "பயமில்லைங்க. அது நான் தப்பா எழுதின கவிதை. அதுல அழுத பொண்ணு நான். வேற ஒருத்தர் அழுததா எழுதிட்டேன்" என்றேன். யாரும் கைதட்டவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறினோம். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அக்கா புத்தகத்தின் பின்னட்டையைப் படித்தாள். "திருச்சியில் பிறந்தவர், ஜெர்மனியில் வசிக்கிறார்." இரண்டு முறை படித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள். கேள்வியா என்று தெரியவில்லை. கண்டக்டர் வந்தார்.

"பாலக்கரை ஒண்ணு" என்றாள் அக்கா.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். நான் பிறந்த வீட்டில்தான் அவள் இருக்கிறாள். இரண்டு என்று சொல்வாளோ என்று ஒரு நொடி காத்திருந்தேன். நானே கேட்டிருக்கலாம். "சென்ட்ரல்" என்றேன்.

பாலக்கரையில் இறங்கியவள் ஜன்னலோரம் வந்து நின்றாள். "எப்பப் போற?"

"சனிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வா. சாப்பிட்டுப் போ" என்றாள். விருந்தாளியைக் கூப்பிடும் குரல்தான். தலையாட்டினேன். பஸ் நகர்ந்தது. எங்கள் தெருமுனை ஜன்னலில் வந்து, பின்னால் போனது. கையில் சென்ட்ரல் டிக்கெட்டைப் பிடித்தபடி, கழுத்தைத் திருப்பிக்கொண்டே போனேன்.