‘எழுந்தது’ கூப்பிடப்படாத இடம்

“வெள்ளி, காலை 5.12. இடம் அனுப்பப்பட்டது.” தங்கையின் கணவருடைய படகிலிருந்து வந்த கடைசிப் பதிவு இது. வெள்ளி மத்தியானமே அவர் குருநகர்க் கரைக்கு வந்திருக்க வேண்டும். சனி காலை நான் பார்த்தபோதும் அதற்குக் கீழே எதுவும் இல்லை.

அந்தப் பதிவை அனுப்பியது, படகு நிற்கும் இடத்தைச் செய்மதி வழியாகக் கரைக்குச் சொல்லும் ஒரு சிறிய பெட்டி. அதற்கு மென்பொருள் எழுதும் குழுவில் எனக்கு ஆவண வேலை. எதையும் திகதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே இருந்ததால் அந்த வேலை ஒத்துப்போனது. அந்தக் கிழமை பெட்டியின் அடிமென்பொருளான கெர்னலின் ஷெடியூலரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் எந்த வேலை எப்போது ஓடவேண்டும் என்று தீர்மானிப்பது ஷெடியூலர். ஒரு வேலையை ஓய்வுக்கு அனுப்பும்போது ‘படுத்தது’ என்ற கோல்பாக்கையும், திரும்ப எழுப்பும்போது ‘எழுந்தது’ என்ற கோல்பாக்கையும் அது கூப்பிடும். கோல்பாக் என்பது நேரம் வரும்போது கூப்பிடுவதற்கென்று எழுதி வைத்த சிறு நிரல். ஒவ்வொன்றும் எப்போது கூப்பிடப்படும், எப்போது கூப்பிடப்படாது என்று நான் எழுத வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

தங்கை பக்கத்துக் கதிரையில் இருந்தாள். “அண்ணை, உது பழுதாப் போச்செண்டு சொல்லுங்கோவன்.”

நானும் அதைத்தான் தேடினேன். பெட்டி தன் பிழையால் ஊமையாகியிருந்தால் படகுக்கு ஒன்றும் நடந்திருக்காது. நிரலில் பிழை இருக்கவேண்டும் என்று மாதாவை மன்றாடியது அன்றுதான். மத்தியானம்வரை வரிவரியாக வாசித்தும் கிடைக்கவில்லை.

“வானம் தெரியிற இடத்திலை இருந்தால் இது நிக்காது” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஐஸ் பெட்டிக்குள்ளை இருந்தால்?”

“ஐஸ் பெட்டிக்குள்ளையோ?”

“ஆற்றை படகு எங்கை நிக்குதெண்டு மீனவர் சங்கத்துத் திரையிலை எல்லாரும் பாக்கினமாம். தான் வலை போடுற இடம் அவையளுக்குத் தெரியக்கூடாதாம். கடலுக்குள்ளை போனவுடனை அதைத் தூக்கி ஐசுக்கு அடியிலை வைக்கிறவர்.”

எங்கள் குழுவில் யாரும் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. இந்த முறை நிரலை வேறு வாசலால் நுழைந்து வாசித்தேன். செய்தி போகாமல் திரும்பத் திரும்பத் தோற்றால், பற்றரியை மிச்சம் பிடிக்க, அனுப்பும் வேலை படுக்கவைக்கப்படுகிறது. ‘படுத்தது’ கூப்பிடப்படுகிறது. வானம் திரும்பத் தெரிந்ததும் அந்த வேலையை எழுப்ப ஒரு வரி இருக்கவேண்டும். நிரலின் அந்தக் கிளையில் அது இல்லை. ‘எழுந்தது’ அங்கே கூப்பிடப்படுவதே இல்லை.

“பிழை இருக்கு. சத்தம் இல்லாததுக்காகப் படகு மூழ்கிப்போச்செண்டு அர்த்தம் இல்லை” என்றேன்.

“மிச்சத்தையும் சொல்லுங்கோ. உங்கடை முகம் சரியில்லை.”

சொன்னேன். ஆபத்தில் அவர் பெட்டியை வெளியே எடுத்து, உதவி கேட்பதற்கென்று அதில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமத்தினாலும் ஒன்றும் போகாது. பொத்தானின் செய்தியும் அதே வேலையால்தான் போகவேண்டும்.

அவள் அழவில்லை. “வரட்டும் அந்த மனிசன். வந்தால் நானே கொல்லுறன்” என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போனாள். நான் அவளுக்குப் பின்னால் போகவில்லை.

ஞாயிறு பூசை முடிகிற நேரம் போன் வந்தது. இஞ்சின் நின்று நீரோட்டத்தில் இழுபட்ட படகை, தற்செயலாக அந்தப் பக்கம் போன இன்னொரு படகு கண்டு, கட்டி இழுத்து ஊர்காவற்றுறையில் விட்டிருந்தது.

உதடு வெடித்து, குரல் அடைத்துப்போய் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார் அவர். “மச்சான், உன்ரை பொத்தானை அமத்தி அமத்தி விரல் தேஞ்சு போச்சு. பெட்டி மூச்சே விடேல்லை. கல்யாணம் முடிச்ச நாளிலையிருந்து வீட்டிலை அப்பிடி ஒரு அமைதியை நான் கண்டதில்லை.”

“இடத்தை ஒளிக்கப் போய் உங்களையே ஒளிச்சுப் போட்டியள்” என்றாள் தங்கை. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஐஸ் கரைந்த தண்ணீர் உள்ளே நின்றது. நடந்ததைப் பதிந்து வைக்கும் நினைவகத்தை வாசிக்க முடியவில்லை. விடுபட்ட வரியை நிரலில் சேர்த்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை புதுப் பெட்டியோடு அவர் திரும்பவும் கடலுக்குப் போகிறார். இந்த முறை அதைப் படகின் முன்பக்கத்தில், வானம் தெரியும் அணியத்தில் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று பொத்தானை ஊமையாக்கியது ‘எழுந்தது’ கூப்பிடப்படாததுதானா, அதற்கு முன்பே தண்ணீர் பெட்டியைக் கொன்றுவிட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆவணத்தில் அந்த இடத்தில், காரணம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்றே எழுதியிருக்கிறேன்.