திருப்பி அனுப்பிய வில்வண்டிகள்

முனிசிபல் தேர்தலில் எங்கள் வட்டத்துக்கு நின்றவர் அவர். ஒல்லி உடம்பு, வெளிறிப்போன கறுப்புக் கோட்டு, காதில் கடுக்கன். கையில் எப்போதும் ஒரு செம்பு இருக்கும். ஆற்றுத் தண்ணீரை அதில் மோந்து வந்து, வீட்டு வரி கட்டி ஓட்டு வைத்திருந்த எங்களிடம் காட்டுவார். தண்ணீர் லேசாகச் சிவந்திருக்கும். சாயப்பட்டறைக் கழிவை ஆற்றில் விடக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு.

ஓட்டுக்காரர்களை வண்டி வைத்து அழைத்துப்போவது அன்றைய வழக்கம். பட்டறை முதலாளியே அவருக்குப் பத்து வில்வண்டிகளை அனுப்பினார். அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"சும்மா வந்த வண்டிய ஏன்வே விட்டீரு?" என்றேன்.

"அதுல ஆள ஏத்திட்டா, பெறவு இந்தச் செம்பத் தூக்க முடியுமா அண்ணாச்சி? நீங்க நடந்து வாங்க, போதும்."

அந்த ஒரு சொல்லுக்கே ஓட்டுப் போடலாம் என்று தோன்றியது. வருகிறேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

தேர்தலன்று ஐப்பசி மழை கொட்டியது. அதே வண்டிகள் எதிராளிக்காக வாசலில் வந்து நின்றன. ஏறினால் என்ன, ஓட்டு நம் கையில்தானே என்று ஏறினேன். உள்ளே மெத்தை, தட்டில் வெற்றிலை. சாவடியில் இறங்கியதும், ஏறி வந்த வண்டிக்குத் துரோகம் செய்ய மனசு கூசியது. எதிராளிக்கே போட்டேன்.

அவர் தோற்றார். மறுநாள் படித்துறையில் எதிரே வந்தார்.

"நேத்து நனையாமப் போய்ச் சேந்தீங்களா அண்ணாச்சி?"

குத்தலே இல்லை, நிஜமாகவே விசாரித்தார். பிறகு குனிந்து செம்பில் தண்ணீர் மோந்தார். தேர்தல்தான் முடிந்துவிட்டதே, அதை யாரிடம் காட்டப் போனாரோ தெரியவில்லை. என்னிடம் காட்டவில்லை.