நேரலையில் ஒரு பாவசங்கீர்த்தனம்

நற்கருணை அப்பத்தை முதல்முறை வாங்கும் முதல் நன்மையை எனக்குத் தருவதாகச் சொல்லி இரண்டு தரம் ஏமாற்றிவிட்டார்கள். ஏமாற்றியது கொரோனாதான். ஆனால் பத்து வயதில் அதோடு போய் எப்படிச் சண்டை பிடிப்பது? தைத்த வெள்ளைச் சட்டை அலுமாரியில் சும்மா தொங்கியது. குருநகரில் எங்கள் கோயில் பூட்டு. பங்குச் சுவாமி உள்ளே தனியே நின்று நேரலையில் பூசை வைக்க, அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அம்மாவின் போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டு முழந்தாளிட்டோம். சுவாமி நரகத்தைப் பற்றிப் பிரசங்கித்தாலும் திரையில் சிவப்பு இதயங்கள் பறந்துகொண்டே இருக்கும்.

வீட்டுப் பூசையிலும் அம்மா வலு கண்டிப்பு. சுவரில் சாய்ந்தால் ஒரு குட்டு, கொட்டாவி விட்டால் இன்னொன்று. இவ்வளவு பக்தியான மனுசி, பக்கத்து வீட்டில் தனியே இருந்த தன் சொந்த அக்காவோடு, அதாவது என் பெரியம்மாவோடு, மூன்று வருசமாகக் கதைப்பதில்லை. காரணம் மாதா. வீடு வீடாகச் சுற்றி வரும் மாதா சுருவத்தை, அந்தச் சிலையை, பெரியம்மா ஒருநாள் கூடுதலாக வைத்திருந்ததில் எங்கள் வீட்டு முறை தவறிப்போயிற்று. கடலை அவித்து, செபத்துக்கு ஆட்களையும் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்த அம்மா அதை மறக்கவேயில்லை. பெரியம்மாவைக் கண்டால் நானும் முகத்தைத் திருப்ப வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

வீட்டில் இருப்பவர்கள் மனதுக்குள் ஆசையோடு நன்மை வாங்கலாம் என்று சுவாமி ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார்.

"அப்ப நானும் வாங்கலாம்தானே?" என்று கேட்டேன்.

"சுவாமியிட்டைப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வாங்கேலாது. பேசாமல் இரு," என்றார் அம்மா.

விடுகிறதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த ஞாயிறு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் போய் முழந்தாளிட்டேன். பிரசங்க முடிவில் சுவாமி, "கோயிலுக்கு வரேலாட்டில் என்ன? உங்கடை மன்றாட்டுக்களைக் கீழை எழுதுங்கோ, ஆண்டவர் வாசிப்பார்," என்றார். கனடாவிலிருந்து ஒருவர் தன் முழங்கால் வலியை எழுதினார். முழங்கால் வலி போகுமென்றால் பாவம் போகாதா? அடுப்பில் சோறு பொங்கி வழிய அம்மா எழும்பி ஓடினார். நான் போனைப் பறித்து, பாவத்துக்கு வருந்தும் சொல்லையும் கடைசியில் சேர்த்து எழுதினேன்:

"தகரத்தை ஓட்டை போட்டு ரின்பாலைக் களவாய்க் குடிச்சனான். ஒன்லைன் வகுப்பிலை கமராவை நிப்பாட்டிப்போட்டு நித்திரை கொண்டனான். பெரியம்மாவோடை கதைக்கிறேல்லை, கண்டால் முகத்தைத் திருப்புறனான். மனஸ்தாபப்படுறன்."

போன் அம்மாவுடையது அல்லவா? என் பாவங்களெல்லாம் சேலை உடுத்த அம்மாவின் படத்தோடு ஊர் முழுக்கப் போய்விட்டன! அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, கொம்மா ரின்பாலைக் களவெடுத்தவவாம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அம்மா வந்து வாசித்தார். நான் குட்டுக்குத் தலையைக் குனிந்தேன். குட்டு விழவில்லை. "உந்தப் போனைத் தா," என்று வாங்கிக்கொண்டு, பூசை நேரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் வெகுநேரம் குத்திக்கொண்டிருந்தார். அழிக்கிறார் என்று நினைத்தேன். நன்மை நேரம் வந்தபோது நான் கண்ணை மூடினேன். வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை.

பின்னேரம் சுவாமி போனில் கூப்பிட்டார், நான்தான் எடுத்தேன். "பிள்ளை, போனிலை செய்த பாவசங்கீர்த்தனம் செல்லாது. கோயில் திறந்த உடனை வா," என்று சிரித்தார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கொஞ்ச நேரத்தில் பின் மதிலுக்கு மேலால் பெரியம்மாவின் தலை தெரிந்தது.

"முதலிலை மாஸ்க்கை மூக்குக்கு மேலை இழு அக்கா," என்றார் அம்மா. மூன்று வருசத்துக்குப் பிறகு கதைத்த முதல் கதை அது. அப்புறம் இருட்டும் வரை இருவரும் மதிலை விட்டு நகரவில்லை.

சுவாமி என்னவும் சொல்லட்டும், என் பாவசங்கீர்த்தனம் பலித்துவிட்டது என்று வருசக்கணக்காகப் பீற்றித் திரிந்தேன்.

போன மாதம் அந்த நேரலையைத் தேடி எடுத்தேன். ரின்பால் இல்லை. நித்திரையும் இல்லை. அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வரிதான் கிடந்தது: "அக்காவோடை கதைக்கிறேல்லை, கண்டால் முகத்தைத் திருப்புறனான். மனஸ்தாபப்படுறன்."

அன்று சுவாமி போனை வைப்பதற்கு முதல், அம்மா அதை என்னிடம் வாங்கி மெல்லக் கேட்டார்: "செல்லாட்டிலும் ஆண்டவர் வாசிச்சிருப்பார்தானே, சுவாமி?"

எனக்காகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.