பன்னிரண்டாவது இலை

நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், நான் இருக்கும் கட்டடத்தில் அறுபத்து நான்கு வீடுகள். இரண்டு மணித்தியாலம் தள்ளியிருக்கும் மகளின் ஊரில், எல்லாத் தெருக்களையும் சேர்த்தாலே தொண்ணூற்றேழு வீடுகள்தான். போன வசந்தத்தில் அங்கே மூன்று கிழமை தங்கியபோது தபால் பெட்டிகளை வைத்து நானே எண்ணி, வீடு வீடாக ஒரு கொப்பியில் குறித்தும் வைத்தேன். ஒரு தேவாலயம், டெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை ஒன்று, ஒரு பள்ளிக்கூடம். பால் பண்ணை இயந்திரங்கள் திருத்தும் மருமகனின் வீடு மட்டும் தமிழ். மற்றதெல்லாம் பிரெஞ்சு.

அந்தப் பள்ளிக்கூடம்தான் என் நித்திரையைக் கெடுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் பதியாவிட்டால் அதை மூடிவிடுவார்கள். பிறகு பஸ்ஸில் நாற்பது நிமிடம், பக்கத்து ஊருக்கு. ஆறு வயதுப் பேத்திக்குப் பத்து நிமிடம் வாகனத்தில் இருந்தாலே சத்தி வரும்.

நகரசபைச் செயலாளர், உரத்துச் சிரிக்கும் ஒரு பெண்மணி, பதிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித மேப்பிள் இலையில் பேர் எழுதிச் சபைக் கண்ணாடியில் ஒட்டிவந்தார். செவ்வாய்க்கிழமை போய் எண்ணினேன். பன்னிரண்டு! செயலாளர் வெளியே ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். நான் வழக்கம்போல இன்னொரு தடவை, இம்முறை பேர்களை வாசித்து எண்ணினேன். ஒன்பதாவது இலையில் பேத்தியின் பேர். பதினோராவதில் என் மருமகனின் பேர்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் கேட்டேன்.

"இரண்டு பேருமா படிவம் குடுத்தனீங்கள், பிள்ளை?"

"ஓம் அப்பா. நான் ஒண்டு குடுத்தன். இவரும் எனக்குச் சொல்லாமல் ஒண்டு குடுத்தவராம்."

மகள் இந்த நாட்டு முறையில் பிள்ளையின் பேரை முதலில் எழுதியிருக்கிறாள். மருமகன் எங்கள் ஊர் முறையில் தகப்பன் பேரை, அதாவது தன் பேரை, முதலில் எழுதியிருக்கிறார். செயலாளர் முதல் பேரை மட்டும் இலையில் எழுத, ஒரு பிள்ளை இரண்டாகிவிட்டது.

"வடிவான வேலை," என்று மகள் கணவனைப் பார்த்தாள். "செப்டெம்பரிலை நீங்களும் முதலாம் வகுப்பு. புத்தகப் பை வாங்கவோ?"

மருமகன் சிரிக்கவில்லை. "மாமா, சொல்லாமல் விட்டால் என்ன?"

"பள்ளிக்கூடம் துவங்கினாப் பிறகு எண்ண மாட்டினமே, தம்பி? அப்ப பதினொண்டு எண்டால் எந்த முகத்தோடை இந்த ஊரிலை இருக்கிறது?"

மறுநாள் காலை மகளோடு சபைக்குப் போகும் வழியில் திடீரென நினைவு வந்தது. கொப்பியைப் பிரித்தேன். தொண்ணூற்றேழாவது தபால் பெட்டி, ஊரின் கடைசி வீடு: 'படியில் சிவப்பு மழைச் சப்பாத்து, மிகச் சின்னது.' அந்த வீட்டுப் பிள்ளைக்கு இலை இல்லை. நாலு வயதுப் பிள்ளைகளையும் இப்போது சேர்க்கிறார்களே! மகளிடம் காட்டினேன். அவள் செயலாளரிடம் இரட்டைப் பதிவையும் சப்பாத்தையும் பற்றிப் பிரெஞ்சில் சொன்னாள். அவர் போய்ப் பதினோராவது இலையை நகத்தால் உரித்தார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார்.

காரில் அவர் ஏதோ சொல்ல, மகள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். "அந்த வீட்டுக்குக் குளிர்காலத்திலைதான் ஆக்கள் வந்தவையாம். பிள்ளை இருக்கோ தெரியாதாம். இங்கை ஆக்கள் பழஞ் சப்பாத்திலை பூ நடுறவையாம் அப்பா."

போய் இறங்கினோம். சப்பாத்து படியிலேயே இருந்தது. இரண்டிலும் மண் நிரப்பிச் செடி நட்டிருந்தது. இல்லாத பிள்ளைக்காக இருவரையும் இழுத்து வந்துவிட்டேனே.

செயலாளர் கதவைத் தட்டினார். இளம் பெண் ஒருத்தி திறந்தாள். அவளுடைய முழங்காலுக்குப் பின்னால் இருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். காலில் பச்சை மழைச் சப்பாத்து, சிவப்பை விட இரண்டு அளவாவது பெரிது.

"போன வருசத்துச் சப்பாத்துக்கை இவவின்ரை கால் போகுதில்லையாம்," என்றாள் மகள். "வாற மாதம் நாலு வயசு முடியுதாம்."

படிவத்தைக் காரின் முன்மூடியில் வைத்தே நிரப்பினார்கள். தாய் எழுதி முடித்ததும் நான் மகளின் கையைத் தட்டினேன்.

"எது பிள்ளையின்ரை பேர், எது தகப்பன்ரை பேர் எண்டு கேள்."

"இவைக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அப்பா."

"பரவாயில்லை. கேள்."