நெஞ்சில் குத்திய பெயர்

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நான் மனைவிக்குப் புடவை எடுக்கவில்லை. நெஞ்சில் பச்சை குத்தியிருந்த அவள் பெயர் மங்கிவிட்டதென்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். "இது ஒன்னுதான் குறைச்சல்" என்றாள். சில வாரத்தில் அந்த எழுத்துகளின் மேலேயே தோல் சிவந்து தடித்து, செதில் உதிர ஆரம்பித்தது. சொரியாசிஸ்.

ஒட்டுவாரொட்டி இல்லை என்றார் டாக்டர். எங்கள் ஊர் பண்டமாரானில் அதை யார் நம்புவார்கள்? அங்கே காலையில் தோசை சுட்டு விற்கிறவள் என் மனைவி. கடைப் பலகையிலும் அதே பெயர்தான். புருஷனுக்குச் செதில் உதிர்கிறது என்று ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், கடையை மூட வேண்டியதுதான். அதனால் எந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டுத்தான் லோரி ஓட்டினேன்.

அந்த மலாய்க்கார டாக்டர் என் படத்தை ஆராய்ச்சிக்காக வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். "பேர் இருக்காது அங்கிள், அடையாள அட்டை ஐசி நம்பர் இருக்காது, முகமும் தெரியாது" என்று மலாயில் சொல்லிவிட்டு, கணினியைத் திருப்பிக் காட்டினார். என் முகத்தில் கறுப்புக் கட்டம். கீழே நெஞ்சகலத்துக்கு என் மனைவியின் பெயர், ஒரு புள்ளி குறையாமல்.

"அது ஏதோ மந்திரம்னு நெனச்சேன்" என்றார் டாக்டர்.

"இருபத்தஞ்சு வருஷமா அதைத்தான் ஜெபிக்கிறேன்" என்றேன். பக்கத்திலிருந்த மனைவி சிரிக்கவில்லை.

எழுத்தையும் மறைக்கலாம்தான். ஆனால் ஊசி பட்ட இடத்தில் நோய் முளைப்பதைத்தான் அவர்கள் ஆராய்கிறார்களாம். மறைத்தால் படமே வீண்.

"வெளிநாடுதானே" என்று இழுத்தேன்.

"எந்த ஊரு ஆஸ்பத்திரியிலயும் ஒரு தமிழ் டாக்டர் இருப்பாரு லா. அவருக்குப் பண்டமாரான்ல ஒரு சித்தி இருப்பா" என்றாள் மனைவி. "நோவு உங்களுது, பேரு என்னுது. என்னை யாராவது கேட்டாங்களா? பச்சை குத்தறப்ப நீங்களும் கேக்கல."

எனக்குச் சுருக்கென்றது. அதை அப்படியே டாக்டருக்கு மலாயில் சொன்னேன், கடைசி வரியைத் தவிர. அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டு, என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டார்.

"ஒரே ஒரு எழுத்து எடுத்துக்கட்டும்" என்றாள்.

டாக்டர் படத்தை வெட்டினார். முதலில் போனது என் முகம், கறுப்புக் கட்டத்தோடு. அதற்காக அங்கே யாரும் வருத்தப்படவில்லை. கடைசியில் சிவந்து தடித்த ஒரு சுழி மட்டும் திரையில் நின்றது.

சம்மதக் கையெழுத்துக்கு டாக்டர் என்னிடம் பேனாவை நீட்டினார். வாங்கி அவளிடம் கொடுத்தேன்.