எண்ணாதீங்க

மீனம்பாக்கம் வந்ததும் இறங்கிவிடுவேன். கையில் இருந்தது குரோம்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு எடுத்த சீசன் டிக்கெட். அலுவலகமும் நுங்கம்பாக்கத்தில்தான். ஆனால் எண்பதுகளின் பின்பாதியில் ஐந்து மாதம், மீனம்பாக்கத்தைத் தாண்டி மின்சார ரயிலில் போக என்னால் முடியவில்லை.

காரணம் ஒரு மே மாத மாலை. கிண்டிக்கும் பரங்கிமலைக்கும் நடுவே வண்டி நாற்பத்திரண்டு நிமிடம் நின்றுவிட்டது. நெரிசலில் ஒருவர் மயங்கி என் தோள்மேல் சாய்ந்தார். கீழே படுக்கவைக்க இடமில்லை. வண்டி கிளம்பிக் காற்று வந்ததும் அவர் தெளிந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் பல்லாவரத்தில் இறங்கிப் போய்விட்டார். எனக்குத்தான் மறுநாள் முதல் பெட்டிக்குள் கால் வைத்தாலே மார்பு இறுகியது. எனக்கும் வாசலுக்கும் நடுவே எத்தனை தலைகள் என்று எண்ணுவேன். எட்டு, ஒன்பது என்றால் தாங்கும். நிலையத்துக்கு நிலையம் அது பதினைந்து, இருபது என்று ஏறும்போது மூச்சு முட்டும். இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஓடிப் பஸ் பிடிப்பேன்.

ஒரே மாதத்தில் பதினோரு நாள் தாமதம். மேலதிகாரி மெமோ கொடுத்தார். “இன்னும் ஒரு மாசம் பாக்கறேன் சார். அதுக்கப்புறம் என் கையில இல்ல” என்றார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர். இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் சரியாக இருக்கிறது, இது பயம் என்றார். திருநீர்மலை ரோட்டில் ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், ஹிப்னாடிசம் மூலம் இதற்குச் சிகிச்சை தருகிறார் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

என் மனைவி சீட்டை வாங்கிப் படித்தாள். “மெஸ்மரிசமா? கண்ணைப் பாத்தே வீட்டுப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிடுவாங்க. நானும் வரேன்.”

“பத்திரம்தான் லோன் குடுத்த பேங்க்ல இருக்கே.”

“அப்ப மோதிரத்தைக் கழட்டி வெச்சிட்டு வாங்க.”

பேராசிரியர் என்னை உள்ளே ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். என் மனைவி ஜன்னலுக்கு வெளியே, வராந்தாவில் காவலுக்கு உட்கார்ந்தாள். “கண்ணை மூடுங்க சார். பாதம் தளருது. முழங்கால் தளருது...” என்று அவர் இழுத்து இழுத்துச் சொன்னார். நான் மின்விசிறியின் ‘டக்’ சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தபோது அவர் கண்ணைத் திறக்கச் சொன்னார். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. எழுந்து வெளியே பார்த்தால், என் மனைவி தலையைத் தொங்கவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

“வீட்டம்மாவுக்குப் பிரமாதமா வேலை செய்யுது” என்றார் பேராசிரியர்.

“நான் எங்க தூங்கினேன்? கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தேன்” என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

இரண்டாவது முறை போனபோதுதான் அந்தத் தவறு நடந்தது. கண்ணை மூடியதும் பேராசிரியர், “எதையும் எண்ணாதீங்க” என்றார். நான் கீழ்ப்படிகிறவன். விசிறி, மூச்சு, ஜன்னலுக்கு வெளியே போன சைக்கிள் மணி எல்லாவற்றையும் எண்ணுவதை நிறுத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ரயிலில் வருகிற அதே இறுக்கம் அந்த நாற்காலியிலேயே வந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டேன்.

“என்ன சார் ஆச்சு?”

“நீங்கதானே எண்ணக்கூடாதுன்னீங்க?”

“எதையும் நினைக்காதீங்கன்னு அர்த்தத்துல சொன்னேன்.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரயிலில் எதை எண்ணுகிறேன் என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. தலைக் கணக்கைச் சொன்னேன்.

“கதைப் புத்தகம் படிக்கறப்போ கையில இருக்கற காபி ஆறிப்போறதே தெரியாது இல்லையா, அதான் சார் ஹிப்னாடிசம். கவனம் ஒரே இடத்துல குவிஞ்சிடும். மனசு குறுக்கே பேசறது குறையும். அப்போ உள்ள ஓடற படத்தை உடம்பு நிஜம்னு நம்பிடும். நீங்க தினமும் காலையில தலைகளை எண்ணி எண்ணி அந்த மே மாச வண்டியையே உங்களுக்குக் காட்டிக்கறீங்க. என்னைவிட நீங்க கெட்டிக்காரர்” என்றார்.

அதன்பிறகு அவர் என்னை எண்ணச் சொன்னார். வெளியே விடுகிற மூச்சை மட்டும். இருபதிலிருந்து கீழ்நோக்கி. ஒவ்வோர் எண்ணுக்கும் தோள் கொஞ்சம் இறங்கட்டும் என்றார். ஏழு, ஆறு என்று வரும்போது அவர் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது. தூக்கமில்லை, தெருவில் தண்ணீர் லாரி போனது கேட்டது. அந்த நிலையில் என்னை ரயிலில் ஏற்றினார். பல்லாவரம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் என்று நிலையங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கூட்டம் ஏறியது. என் மூச்சுக் கணக்கு அதன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அன்று நுங்கம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன்.

நாற்காலிப் பயணம் சுலபம். நிஜ வண்டியில் முதல் வாரம் பரங்கிமலை வரை. அடுத்த வாரம் கிண்டி. ஒருநாள் சைதாப்பேட்டையில் பயந்து இறங்கி, அன்று முழுவதும் என்னையே திட்டிக்கொண்டேன். பேராசிரியர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வீட்டிலும் காலையில் பத்து நிமிடம் அதேபோல் உட்காரச் சொன்னார். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருந்தது என் மனைவி. மொத்தம் ஆறு முறை அவரிடம் போனேன். மேலதிகாரி கொடுத்த மாதத்தில் நான்கு நாள் மிச்சமிருந்தபோது நுங்கம்பாக்கம் வரை நிஜமாகவே போய்விட்டேன்.

மறுநாள் மாம்பலத்தைத் தாண்டியதும் வண்டி நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். யாரோ ரயில்வேயைத் திட்டினார்கள். உள்ளங்கை வேர்த்தது. சிலர் தண்டவாளத்தில் குதித்து நடந்தார்கள். நானும் வாசலைப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடி இருபதிலிருந்து ஆரம்பித்தேன். எட்டு முறை இருபதிலிருந்து கீழே வந்திருப்பேன். பயம் முழுவதும் போகவில்லை. கூடவே நின்றது, ஆனால் என்னை இறக்கிவிடவில்லை. வண்டி நகர்ந்தது.

அலுவலகத்தில் நான் நுழைந்தபோது மணி பத்தே முக்கால். மேலதிகாரி வருகைப் பதிவேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, “என்ன சார், மறுபடியுமா?” என்றார்.

“வண்டி நின்னுடுச்சு சார். நான் இறங்கல” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதே வண்டியில் வந்த இன்னும் மூன்று பேர் என் பின்னால் மூச்சு வாங்க நுழைந்தார்கள். பதிவேட்டை என் பக்கம் திருப்பி, “போடுங்க சார்” என்றார். கையெழுத்துப் போட்டேன்.