மாங்கா பந்து

கல்யாணமாகி வந்த முதல் தை மாதம். திருவிடைமருதூர் பக்கத்தில் இருக்கும் என் கணவரின் ஊரில் அறுவடை முடிந்து, உளுந்து தெளிக்காமல் விட்ட ஒரு வயலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடுவார்கள். நெல் தாளை மண்வெட்டியால் செதுக்கிவிட்டால் அதுதான் பிட்ச். என் கணவர் அந்த ஊர் அணியின் வேகப்பந்து வீச்சாளர். நான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஓடிவந்து பந்தைப் போட்டதும் எதிரணியில் இருந்த அத்தனை பேரும் கத்தினார்கள்.

"மாங்கா! மாங்கா!"

எனக்குப் பட்டுக்கோட்டை. எங்கள் பக்கம் ஒருவரை மாங்கா என்றால் முட்டாள் என்று பொருள். புதுப் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இப்படியா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேவிட்டேன்.

"உங்கள அப்படித் திட்டுறாங்க. நீங்க சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

அவர் வரப்பிலேயே நின்று சிரித்தார். "அது திட்டு இல்ல. பந்து போடும்போது கை நேரா சுத்தி வரணும். முழங்கைய மடக்கி வெடுக்குன்னு எறிஞ்சா அது மாங்கா. மரத்துல மாங்கா அடிக்கக் கல்லெறிவோம்ல, அந்த மாதிரி." ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்தும் காட்டினார்.

"எங்க ஊர்ல எல்லாம் தென்னைதான். யாரு கல்லெறிவா?"

"அதான் உனக்குத் தெரியல. யாரு மொதல்ல சொன்னதுன்னு எனக்கும் தெரியாது. ஆனா நான் போட்டது மாங்கா இல்ல. அத மட்டும் நம்பு."

நம்பினேன்.

அதன்பிறகும் பல வருடங்கள் ஆடினார். இரண்டு வருடங்களுக்கு முன்னால் மழையில் வண்டி சறுக்கி அவருடைய வலது முழங்கை உடைந்தது. தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் கை முழுசாக நீளவில்லை. சாப்பிடுவது, சட்டை போடுவது, வண்டி ஓட்டுவது எல்லாம் பழகிவிட்டது. வயலுக்கு மட்டும் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் வேலை இருக்கிறது என்பார். ஒரு வேலையும் இருக்காது. டிவியில் மேட்ச் வந்தால்கூட எழுந்து போய்விடுவார்.

எட்டாவது படிக்கும் எங்கள் மகள் பள்ளிக்கூட அணியில் சேர்ந்தாள். பந்து போட அப்பாவைக் கூப்பிட்டாள். "கை வலிக்குதும்மா" என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லையில் இறங்கினேன். முதல் பந்து துவைக்கிற கல்லில் பட்டு வாழைக்குள் போனது. அடுத்ததைப் போட்டதும் அவள் கத்தினாள்.

"அம்மா, மாங்கா!"

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கொல்லை வாசற்படியில் நின்றிருந்தார். அந்த அடி பட்டதிலிருந்து வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அவர் படியிறங்கி வந்து என்னிடம் கையை நீட்டினார். பந்தைக் கொடுத்தேன். இரண்டே எட்டு வைத்து மெதுவாகப் போட்டார். கை மடங்கியபடியேதான் வந்தது. ஆனால் பந்து குத்த வேண்டிய இடத்தில் குத்தி எழும்பியது. மகள் தடுத்து ஆடிவிட்டுப் பந்தைப் பொறுக்கி அவரிடம் தந்தாள்.

"சொல்லு" என்றார்.

"என்னப்பா?"

"மாங்காதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள். "ஆமாப்பா, மாங்காதான். ஆனா சூப்பரா எழும்புது. இன்னொண்ணு போடுப்பா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். சில துணிகள் இன்னும் ஈரமாகவே இருந்தன.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் போட்டார். பள்ளி மேட்ச் அன்று லீவு போட்டுவிட்டு மயிலாடுதுறைக்குப் போய் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். மகள் நாலு ரன் எடுத்து அவுட்டானாள். அந்த நாலு ரன் எப்படி வந்தது என்று ராத்திரி என்னிடம் சொல்ல ஆரம்பித்தவர், தோசை ஆறும்வரை நிறுத்தவில்லை.